பழைய இணையதளம்: சீர்செய்தால் போதுமா, புதிதாகவே கட்ட வேண்டுமா?

நம் தளம் பழசாகிவிட்டது என்ற எண்ணம் பெரும்பாலும் நம் தளத்தைப் பார்த்து வருவதில்லை, போட்டி நிறுவனத்தின் தளத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அவர்களுடையது பளபளவென்று இருக்கிறது, நம்முடையது மங்கிப்போய்த் தெரிகிறது. உடனே தெரிந்த டெவலப்பர் ஒருவரைக் கேட்கிறோம். "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா பண்ணிடலாம் சார்" என்கிறார். சில சமயம் அவர் சொல்வது சரிதான். ஆனால் அடுத்தவர் எழுதிய கோடை (தளத்தை இயக்கும் நிரலை) படித்துப் புரிந்துகொள்வதைவிடப் புதிதாக எழுதுவது அவருக்குச் சுலபம். அவருக்குச் சுலபமானது நமக்கு லாபமாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

சீர்செய்தல் என்று இங்கே சொல்வது, தளம் ஓடும் மென்பொருளையும் பக்கங்களின் முகவரிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்து, படம், நிறம், மெனு, வேகம் போன்றவற்றைத் திருத்துவது. புதிதாகக் கட்டுதல் என்பது மென்பொருள், பக்க அமைப்பு, கோடு எல்லாவற்றையும் மாற்றுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: தளத்தை இயக்கும் அதே மென்பொருள் (பலருக்கு அது வேர்ட்பிரஸ்), அதே முகவரிகள், தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் மட்டும் புதிது. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த நடுவழிதான், ஆனால் ஏனோ அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சந்தேகம் இருந்தால் சீர்செய்யுங்கள் என்பதுதான் என் பக்கம். காரணம் காட்ட வேண்டியது புதிதாகக் கட்ட நினைப்பவர்தான். அந்தக் காரணமும் தளம் எப்படித் தெரிகிறது என்பதில் கிடைக்காது. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்யப் போகும்போது தளம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதில் கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: குறைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் தளத்தின் குறைகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். "நல்லா இல்லை", "பழைய லுக்" என்பதெல்லாம் கணக்கில் வராது. "போனில் பார்த்தால் விலை அட்டவணை திரைக்கு வெளியே ஓடுகிறது" என்பது குறை. "விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் நமக்கு மெயில் வருவதில்லை" என்பது குறை. "ஒரு புதிய சேவையைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் டெவலப்பரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்பதும் குறைதான், கனமான குறை. வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிறவரையும் கேளுங்கள். "வெப்சைட்ல பார்த்தேன், ஆனா..." என்று ஆரம்பிக்கும் அழைப்புகள் எதைப் பற்றி வருகின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உள்ளடக்கம், தோற்றம், அடித்தளம் (அடியில் ஓடும் மென்பொருளும் கோடும்) என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அநேகமாக முதல் வகைதான் நீளமாக வரும். மாறிப்போன தொலைபேசி எண், வேலையை விட்டுப் போனவரின் படம், நிறுத்திவிட்ட சேவை, பல வருஷமாக முகப்பில் நிற்கும் "புதிய செய்தி". இவற்றுக்கு டிசைனரும் வேண்டாம், டெவலப்பரும் வேண்டாம். ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள். புதுத் தளம் வேண்டும் என்ற அவசரம் அங்கேயே கொஞ்சம் தணிந்திருக்கும்.

இரண்டாம் படி: சாவிகள் யார் கையில்?

எந்த வழியில் போவதானாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. டொமைன், அதாவது தளத்தின் பெயர், எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறது? தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம்? அந்தப் பெயருக்கு வரும் தள வருகையும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்புகள் எங்கே இருக்கின்றன? அவை டொமைன் வாங்கிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஹோஸ்டிங்கிலோ மூன்றாவது ஒரு சேவையிலோ இருக்கலாம். தளத்தின் அட்மின் லாகின், கூகுள் சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டுவது), அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுவது), காசு கொடுத்து வாங்கிய தீம், பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) உரிமங்கள் எல்லாம் யார் கணக்கில் உள்ளன?

பல இடங்களில் விடை, தளத்தை முதலில் செய்துகொடுத்தவரின் சொந்த மெயில் முகவரியாக இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நாளைக்கு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் நமக்கு வராது. உரிமமும் அப்படித்தான். அவர் கணக்கில் இருக்கும் பிளக்இனுக்கு ஒரு நாள் அப்டேட் நின்றுபோகும், ஏன் என்று யாருக்கும் புரியாது. டொமைன் உங்கள் பெயருக்கு வரும்வரை வேறு எந்த வேலைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சாவிகள் கைக்கு வந்ததும் முழு பேக்கப் எடுங்கள். கோப்புகள் தனி, டேட்டாபேஸ் தனி; இரண்டும் வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனமே எடுத்து வைத்திருக்கும் என்று நம்பி உட்காராமல் உங்கள் கணினியிலும் ஒரு நகல் வையுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம் சம்பாதிக்கிறது?

கூகுள் சர்ச் கன்சோல் 16 மாத விவரத்தை வைத்திருக்கும். அதில் பக்கவாரியாக கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாக உழைப்பதில்லை என்பது உடனே தெரியும். ஒரு சில பக்கங்கள்தான் மொத்தத் தளத்தையும் தூக்கி நிறுத்துகின்றன. அவை நீங்கள் பெருமைப்படும் பக்கங்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எப்போதோ யாரோ எழுதிப்போட்ட, டிசைன் என்று ஒன்றே இல்லாத "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" பக்கம்தான் மாதாமாதம் ஆட்களைக் கூட்டிவந்துகொண்டிருக்கும். புதிதாகக் கட்டும்போது அழகில்லை என்று முதலில் கழித்துக்கட்டப்படுவதும் இதே பக்கம்தான்.

ஆகவே அந்தப் பக்கங்களின் முகவரிகளைத் தனியே எழுதி வையுங்கள். வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் பக்கங்களையும் அதே கன்சோலின் இணைப்புகள் பகுதியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி யார் வந்து என்ன செய்வதானாலும் இந்தப் பட்டியலைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

அனலிட்டிக்ஸில் கவனிக்க ஒன்று உண்டு. கூகுளின் பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய விவரம் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய கோடு மட்டும் இருக்கும் தளத்தில் இன்று எதுவும் எண்ணப்படுவதில்லை. உங்கள் தளம் அப்படி இருந்தால், புதிய ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கோடைப் போட்டு இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள் என்று தெரியாமல் ஒரு தளத்தை இடிப்பதில் அர்த்தமில்லை.

நான்காம் படி: வேகம்

பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். தளத்துக்குப் போதுமான வருகை இருந்தால், உண்மையான பயனாளர்களின் கடைசி 28 நாள் அனுபவத்தை மேலே காட்டும். மூன்று எண்கள்தான் முக்கியம். பக்கத்தின் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய ஆகும் நேரமான எல்சிபி 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். தட்டினால் பக்கம் அசைந்துகொடுக்க ஆகும் நேரமான ஐஎன்பி 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். லோடு ஆகும்போது எழுத்தும் படமும் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் 0.1-க்குள் இருக்க வேண்டும். நூற்றில் எழுபத்தைந்து வருகைகளுக்காவது இந்த அளவுகள் தேற வேண்டும். கீழே வண்ண வட்டத்தில் வரும் மதிப்பெண் ஒரு சோதனை ஓட்டத்தின் விளைவு, அவ்வளவுதான். அதை 100 ஆக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எண் மோசமாக இருப்பதால் மட்டும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. எதனால் மோசம் என்று பாருங்கள். கேமராவிலிருந்து இறங்கிய 4,000 பிக்சல் அகலப் படம் 400 பிக்சல் இடத்தில் உட்கார்ந்திருக்கும். முகப்பில் ஆறு படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் இருக்கும். எப்போதோ ஒரு விளம்பரத்துக்காகப் போட்ட டிராக்கிங் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பயன்படாத பிளக்இன்கள் பத்து இருக்கும். ஹோஸ்டிங் திட்டமே சோப்ளாங்கியாக இருக்கும். இவை எல்லாமே சீர்செய்யும் வேலைகள். இதையெல்லாம் சரிசெய்த பிறகும், ஒரு வெறும் எழுத்துப் பக்கம்கூட ஊர்ந்துகொண்டுதான் வருகிறது என்றால், தீமோ, பக்கங்களை இழுத்துப் போட்டு வடிவமைக்க உதவும் பேஜ் பில்டரோ பக்கத்துக்குப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கோடு கொட்டுகிறது என்று அர்த்தம். அதை அடித்தளக் குறைகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அடியில் ஓடும் மென்பொருளின் வயது

தளம் எதில் ஓடுகிறது, எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதுங்கள். வேர்ட்பிரஸ் போன்றவை எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. வேர்ட்பிரஸ் போலவே தளங்களை இயக்கும் மென்பொருள்கள் ஜூம்லாவும் துருப்பலும் (Drupal). ஜூம்லா 3-க்கு 2023 ஆகஸ்டில் முடிந்தது. துருப்பல் 7-க்கு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. ஆதரவு முடிந்த மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை உருவாக்கியவர்களிடமிருந்து அடைப்பு வராது.

ஆனால் பழைய பதிப்பு என்றாலே இடிக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பழைய வேர்ட்பிரஸை, நகல் ஒன்றில் சோதித்துவிட்டுப் படிப்படியாக மேலேற்றிவிடலாம். அதனோடு ஒத்துப்போகாத பிளக்இன்கள் ஒன்றிரண்டை மாற்ற வேண்டிவரும், அவ்வளவே. துருப்பல் 7 கதை வேறு. அதற்கு அடுத்த 8-ஆம் பதிப்பிலேயே உள்கட்டமைப்பு மாறிவிட்டதால், 7-லிருந்து இன்றைய பதிப்புக்குப் போவது பெயருக்குத்தான் அப்டேட். நடைமுறையில் அது புதுத் தளம் கட்டி உள்ளடக்கத்தைக் குடியேற்றும் வேலை.

இன்னும் சில விஷயங்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். முகவரிப் பட்டையில் "பாதுகாப்பற்றது" என்று வருகிறதா? 2018 ஜூலையில் வந்த குரோம் உலாவியின் 68-ஆம் பதிப்பு முதல், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத எல்லாத் தளத்துக்கும் இந்த முத்திரை விழுகிறது. இலவசச் சான்றிதழ் கிடைக்கிறது, அரை நாள் வேலை. இதைக் காரணம் காட்டிப் புதுத் தளம் விற்க வருகிறவரை அனுப்பிவிடுங்கள். ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்த பகுதி ஏதாவது உண்டா? 2020-ஓடு ஃபிளாஷ் முடிந்துவிட்டது, அந்த இடம் இன்று வெறும் கட்டமாகத்தான் தெரியும். தளம் போனில் ஒழுங்காகத் திறக்கிறதா? கூகுள் இப்போது தளங்களைப் போன் வடிவத்தில்தான் படித்துப் பட்டியலிடுகிறது. போனில் இல்லாத உள்ளடக்கம் அதன் கண்ணில் படாது. தமிழ்ப் பக்கங்கள் யூனிகோடில் உள்ளனவா, அல்லது அதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவையா? பிந்தையது என்றால் அந்த எழுத்து தேடலில் அகப்படாது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருப்பதால் அந்த உரையைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை.

ஆறாம் படி: மூன்று சின்ன மாற்றங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுதான் பேசும். தளத்தின் நகல் ஒன்றை, வெளியார் கண்ணில் படாத இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள், அல்லது டெவலப்பரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலாவது, தளம் முழுவதும் தொலைபேசி எண்ணை மாற்றுவது. ஒழுங்காகக் கட்டிய தளத்தில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். அப்படி நடக்கிறதா என்று பாருங்கள். மேலே தலைப்புப் பட்டையில் ஒன்று, அடியில் ஒன்று, தொடர்புப் பக்கத்தில் ஒன்று, மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தானில் ஒன்று, முகப்பு பேனர் படத்துக்குள்ளேயே எழுத்தாக ஒன்று, பதிவிறக்கும் பிடிஎஃப் கையேட்டில் ஒன்று என்று எண் சிதறிக் கிடக்கும். எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று சொன்ன பிறகு பழைய எண்ணை டேட்டாபேஸில் தேடச் சொல்லுங்கள். திரையில் எண் சரியாகத் தெரிந்தாலும், தட்டினால் பழைய எண்ணுக்கே அழைப்பு போவதுண்டு. திரையில் தெரியும் எழுத்து வேறு, பின்னால் இருக்கும் இணைப்பு வேறு அல்லவா. நாலைந்து இடத்தில் மாற்ற வேண்டியிருந்தால் அது எரிச்சல், சமாளிக்கலாம். ஐம்பது பக்கத்தில் ஐம்பது முறை மாற்ற வேண்டியிருந்தால் தளத்தின் எலும்பிலேயே கோளாறு.

இரண்டாவது, புதிய சேவைப் பக்கம் ஒன்றைச் சேர்த்து மெனுவில் வைப்பது. இதை டெவலப்பர் செய்யக் கூடாது. அன்றாடம் தளத்தைக் கவனிக்கும் ஊழியர் செய்ய வேண்டும். ஏற்கனவே இருக்கும் ஒரு பக்கத்தை நகலெடுத்து, எழுத்தை மாற்றி, படம் போட்டு வெளியிட அவரால் முடிகிறதா? எந்த இடத்தில் கை தயங்குகிறது? "இந்தக் கட்டத்தைத் தொட்டா மேல இருக்கிறது உடைஞ்சிடும், அதனால தொட மாட்டேன்" என்று அவர் சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தளம் ஏன் பல வருஷமாக மாறவே இல்லை என்பதற்கு அதுதான் விடை. எழுத ஆளில்லை, நேரமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். உண்மையில் தொடவே பயம்.

மூன்றாவது, விசாரணைப் படிவத்தில் ஒரு புதிய கேள்வியைச் சேர்ப்பது. பத்து நிமிட வேலையாக இருக்க வேண்டியது இது. சேர்த்த பின் உண்மையாகவே அனுப்பிப் பார்த்து, நமக்கு வரும் மெயிலில் அந்தக் கேள்வியும் வருகிறதா என்று சரிபாருங்கள். "இந்த ஃபார்மை எழுதினவர் இப்ப இல்லை, கோடு புரியலை" என்று பதில் வந்தால், அந்தப் படிவத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று அடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் முடியும். ஒரு பகுதி கெட்டுப்போனதற்காக மொத்தத்தையும் இடிக்க வேண்டியதில்லை.

பேஜ் பில்டர் பிளக்இனை வைத்துக் கட்டிய தளமானால் நான்காவதாக ஒன்றும் உண்டு. நகலில் மட்டும், அந்த பிளக்இனை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தும் படமும் அலங்காரம் இல்லாமல் வரிசையாக வந்தால் உள்ளடக்கம் உங்கள் கையில் இருக்கிறது, நாளைக்கு எந்த தீமுக்கும் போகலாம். அதற்குப் பதில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் புரியாத குறியீடுகள் வரிவரியாக வந்து, நடுநடுவே உங்கள் வாக்கியங்கள் துண்டு துண்டாகத் தெரிந்தால், உள்ளடக்கம் அந்த பிளக்இனிடம் அடமானத்தில் இருக்கிறது. இன்றே மீட்க வேண்டும் என்றில்லை. ஆனால் அதிலேயே மேலும் ஐம்பது பக்கம் சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள்.

ஏழாம் படி: முடிவெடுப்பது

இப்போது தாளைத் திரும்ப எடுங்கள். மூன்று மாற்றங்களும் பெரிய சிரமமில்லாமல் முடிந்து, மென்பொருளுக்கு ஆதரவும் இருந்தால், விஷயம் முடிந்தது: சீர்செய்யுங்கள். தோற்றம் எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி. நிறமும் எழுத்துருவும் இடைவெளியும் மாற்றினாலே தளம் ஆளே மாறிவிடும்.

அடித்தளக் குறைகள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் இருந்தால், அதாவது ஆதரவு முடிந்த மென்பொருள், யாராலும் தொட முடியாத கோடு, அடமானத்தில் கிடக்கும் உள்ளடக்கம் என்று வரிசை கட்டினால், புதிதாகக் கட்டுவதே சிக்கனம். தொழிலே மாறிவிட்டாலும் அப்படித்தான். முன்பு முகவரியும் எண்ணும் காட்டினால் போதும் என்றிருந்த தளம் இப்போது ஆர்டர் வாங்க வேண்டும், வாடிக்கையாளருக்கு லாகின் தர வேண்டும், மூன்று மொழியில் பேச வேண்டும் என்றால் பழைய அமைப்பில் ஒட்டுப்போட்டு மாளாது. அப்போதும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: புதிய பகுதியைத் தனியாகக் கட்டி, பழையதோடு இணைத்தால் போதாதா? பல சமயம் போதும்.

எந்தக் காரணங்களை ஏற்கக் கூடாது? புது மேலாளர் வந்திருக்கிறார், லோகோ மாறியிருக்கிறது, ஐந்து வருஷம் ஆகிவிட்டது, வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு வேறொரு மென்பொருள்தான் தெரியும். கடைசியில் சொன்னது சூட்சுமமானது, ஏனென்றால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இது அவுட்டேட்டட் பிளாட்ஃபார்ம்" என்பார்கள். எந்தப் பதிப்பு, எப்போது ஆதரவு முடிகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

சீர்செய்கிற பக்கமும் தவறு நடக்கும். ஏற்கனவே நிறையச் செலவழித்துவிட்டோமே என்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது வீண். அந்தக் காசு போய்விட்டது, அதை வைத்து இன்றைய முடிவை எடுக்க முடியாது. ஒரே குறைக்காக மூன்றாவது முறை சீர்செய்கிறீர்கள் என்றால் போதும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

மென்பொருள் உலகில் புதிதாக எழுதும் ஆசைக்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் உண்டு. நெட்ஸ்கேப் உலாவியின் 4.0 பதிப்பு 1997-ல் வந்தது. அப்புறம் பழைய கோடை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 5.0 என்று ஒரு பதிப்பு வெளிவரவே இல்லை. 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வந்தபோது சந்தையை மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிடித்துவிட்டிருந்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் புதியது தயாராகும்வரை பழையது வளராமல் நிற்கும் என்பது சின்னத் தளத்துக்கும் பொருந்தும். "எப்படியும் புதுசு வரப்போகுது" என்று சொல்லிச் சொல்லியே விலைமாற்றம்கூடப் பழைய தளத்தில் ஏறாது. மூன்று மாதம் என்று தொடங்கியது ஒன்பதாகும், பெரும்பாலும் டெவலப்பரால் அல்ல. பக்கங்களுக்கு எழுத வேண்டியதை நாம் எழுதிக் கொடுக்காததால்தான். மதிப்பீட்டுத் தாளில் உள்ளடக்கத்தை யார் எழுதுவது என்ற வரி இல்லையென்றால், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சீர்செய்வது என்று முடிவானால்

வரிசைதான் முக்கியம். எல்லோரும் முகப்பில் ஆரம்பிப்பார்கள், நீங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூன்றாம் படியில் எடுத்த பட்டியலில் இருக்கும் பக்கங்களின் உள்ளடக்கம் முதலில். பின்பு படிவம், அழைப்பு இணைப்பு, வாட்ஸ்அப் பொத்தான் ஆகிய மூன்றும் எல்லாப் பக்கத்திலும் வேலை செய்கின்றனவா என்பது. அடுத்து படங்களைச் சுருக்குவது, வேண்டாத பிளக்இன்களை எடுப்பது. அதன் பிறகு எழுத்தின் அளவு, நிறம். வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும், வெயிலில் போனைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை விதி. அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சில வாரம் விட்டு, விசாரணைகள் கூடுகின்றனவா என்று பார்த்து அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் ஒன்றாக மாறினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. பக்கங்களின் முகவரிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

புதிதாகக் கட்டுவது என்று முடிவானால்

பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற கருவி 500 முகவரிகள்வரை இலவசமாகவே எடுத்துக் கொடுக்கும். ஒரு ஷீட்டில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அது போய்ச் சேர வேண்டிய புதிய முகவரி. முடிந்த இடத்திலெல்லாம் பழைய முகவரியையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாறுகிறவற்றுக்கு 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, வேண்டும். சோம்பலில் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விலைப்பட்டியலைத் தேடி வந்தவரை வாசலில் கொண்டுபோய் விட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், கூகுளும் அதைக் காணாமல் போன பக்கமாகவே கணக்கில் வைக்கலாம். இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விட்டுவிடுங்கள் என்பேன் நான்.

கட்டுமானம் நடக்கும் இடத்தைத் தேடுபொறிகள் படிக்காமல் தடுத்து வைப்பது சரிதான். வெளியிடும் நாளில் அந்தத் தடையை எடுக்க வேண்டும். வேர்ட்பிரஸில் அது அமைப்புகளுக்குள் இருக்கும் ஒரே ஒரு டிக் பெட்டி. அதை மறந்துவிட்டால் தளம் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும், கூகுளிலிருந்து மட்டும் ஒவ்வொரு பக்கமாக மறைந்துகொண்டே போகும்.

மெயில் விஷயம் அதைவிட மோசம். புதிய ஹோஸ்டிங்குக்குப் போகும்போது டிஎன்எஸ் மொத்தத்தையும் அங்கே மாற்றிவிடுவது சிலர் வழக்கம். நிறுவனத்தின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் அங்கேதான் இருக்கிறது. அதையும், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளையும் புதிய இடத்தில் அப்படியே எழுதாவிட்டால் தளம் ஜோராகத் திறக்கும், மெயில் வராது. அல்லது நீங்கள் அனுப்புவது மற்றவரின் ஸ்பேமில் போய் விழும். நாலு நாள் விசாரணையே இல்லையே என்று நீங்கள் யோசிக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே மாற்றத்துக்கு முன் டிஎன்எஸ் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழைய டிஎன்எஸ் விவரத்தை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை ஒன்றிரண்டு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால், ஏதாவது கோளாறானாலும் சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

வெளியிட வாரத் தொடக்கத்தில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். அன்றே செய்ய வேண்டியவை: எல்லாப் படிவங்களையும் போனிலிருந்து அனுப்பிப் பார்ப்பது, மூன்றாம் படிப் பட்டியலின் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எங்கே போகின்றன என்று பார்ப்பது, அனலிட்டிக்ஸ் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது, சர்ச் கன்சோலில் புதிய சைட்மேப்பை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலை) கொடுப்பது. அடுத்த சில வாரம் தேடலில் இடம் மேலும் கீழும் ஆடும், பதற வேண்டாம். குறிப்பிட்ட ஒரு பக்கம் மட்டும் விழுந்து எழாமல் கிடந்தால் அதன் ரீடைரக்ட்டைப் பாருங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாமல் இரண்டு மாதமாவது வைத்திருங்கள். ரத்து செய்யும் முன் அதில் மெயில் பெட்டிகளோ, தளத்தில் இணைத்திருந்த பிடிஎஃப் கோப்புகளோ, வேறு ஏதாவது துணை டொமைனோ குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி பேக்கப் ஒன்றை இறக்கிக்கொண்டு அப்புறம் கணக்கை மூடுங்கள்.